யாளியின் வாய்க்குள் விரல் நுழைய வேண்டும்: வேலூர்ப் பக்கம் தொடுபலகை செய்து வாங்குவோருக்கு

தொடுபலகை என்பது பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் புரிந்துகொள்ளும் மேடுபள்ளப் படம். ஒரே படம், நான்கு பட்டறை. முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நிற்கும் யாளி, முதுகில் ஒரு வீரன், காலடியில் ஒரு யானைத் தலை. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களின் சாயலில் வரைந்தது. 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். இதைக் கருங்கல்லில் ஒன்று, விளம்பரப் பலகை செய்யும் சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) கடையில் ஒன்று, கரிகிரிப் பக்கத்து மண்ணில் ஒன்று, ஆம்பூர்ப் பக்கத்துத் தோலில் ஒன்று என்று செய்து வாங்கி மூன்று வகைக் கைகளில் கொடுத்துப் பார்த்து எழுதுகிற மதிப்பீடு இது. பிறவியிலேயே பார்வையில்லாமல் பிரெயில் (தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து) படித்து வளர்ந்தவர்கள், நடுவயதில் பார்வை போனவர்கள், பார்வையோடு விரல் உணர்ச்சியும் குறைந்தவர்கள். பட்டறைகளின் பெயரைப் போடவில்லை. ஒரே பட்டறையில் ஆள் மாறினால் வேலையும் மாறிவிடுகிறது. என்ன கேட்டு வாங்க வேண்டும், கைக்கு வந்ததும் எங்கே தடவிப் பார்க்க வேண்டும் என்பதுதான் வாங்குகிறவருக்கு உதவும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெளியில், நாலு பேர் வந்து போகிற இடத்தில் வைக்கக் கல்தான். பள்ளிக்கூடத்துக்கும் நூலகத்துக்கும், கையில் எடுத்துக்கொடுக்க, தோல் பலகை நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. மண் பலகை அழகு. ஆனால் செய்கிறவருக்குப் பொறுமை வேண்டும், வாங்குகிறவருக்கும் வேண்டும். சிஎன்சி கடை வேலை, நீங்கள் கொடுக்கும் வரைபடம் எவ்வளவு நல்லதோ அவ்வளவு நல்லது. படத்தை அவர்களையே போடச் சொன்னால் காசு வீண்.

பொருளைவிடப் படம்தான் முக்கியம் என்பதால் அதிலிருந்து தொடங்க வேண்டும். கண் ஒரு பார்வையில் முழு உருவத்தையும் பிடித்துவிடும். விரல் அப்படியில்லை, ஒவ்வொரு இடமாகப் போய்த் தொட்டு, போன வழியை நினைவில் வைத்துச் சேர்த்துக்கொள்கிறது. பழகியவர் ஒரு கையை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மற்ற கையால் தேடுவார். அதனால்தான் பலகையின் கீழ் இடது மூலையில் ஒரு சிறு வெட்டு அல்லது குமிழ் வேண்டும். அங்கே கை வைத்தால் எது மேல், எது கீழ் என்று அந்த நொடியே தெரிந்துவிடும். நான்கு பலகையிலும் இதைக் கேட்டிருந்தோம். இரண்டில்தான் வந்தது.

அடுத்து, ஒன்றன்மேல் ஒன்று மறைக்கிற உறுப்புகள். புகைப்படத்தில் யாளியின் பின்பக்கத்துக் கால் உடலுக்குப் பின்னால் பாதி தெரியும். கண் அதைக் கால் என்று நிரப்பிக்கொள்ளும். விரலுக்கு அது வயிற்றிலிருந்து முளைத்த ஒரு கட்டை. தொடுபலகைக்கு வரையும்போது நான்கு கால்களையும் பிரித்து, இடையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு, அதாவது 10 மி.மீ.யாவது இடைவெளி விட வேண்டும். முன்னால் இருக்கும் கால் 15 மி.மீ., உடல் 10 மி.மீ., பின்பக்கத்துக் கால் 5 மி.மீ. என்று அடுக்கடுக்காக உயரம் கொடுத்தால் எது எதற்கு முன்னால் என்று விரல் சொல்லிவிடும். அடுக்குக்கும் அடுக்குக்கும் 3 மி.மீ.க்குக் குறைந்தால் குழப்பம்தான். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கும் இதே கணக்கு: 3 மி.மீ.க்குள் இரண்டு கோடு வந்தால் ஒன்றாகக் கலந்துவிடும். யாளியின் பிடரி மயிரை உள்ளபடியே சுருள் சுருளாக வரைந்தால் சொரசொரப்பு மட்டும் மிஞ்சும். ஐந்தாறு பெரிய சுருள் போதும்.

வாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொட்டவர்கள் எல்லோரும் முதலில் தேடிப்போனது வாயைத்தான். பல கோயில்களில் யாளி வாய்க்குள் உருளும் கல் உருண்டை இருப்பது எல்லோருக்கும் தெரியும். கை தானாக அங்கே போகிறது. அந்த வாய் 20 மி.மீ. அகலம், 12 மி.மீ. ஆழம் இருந்தால் ஆள்காட்டி விரல் உள்ளே போய் மேல்வரிசைப் பல்லைத் தொட்டு, நாக்கின் வளைவில் இறங்கி வெளியே வரும். கல் பலகையில் அப்படி இருந்தது. மற்ற மூன்றில் வாய் ஒரு கீறல்.

கல் வேலைக்கு வருவோம். சாம்பல் நிறக் கல்லில் பருக்கை பெரிது, 3 மி.மீ. விவரம் வெட்டப்போனால் பொடிந்து போகும். நுண்பருக்கைக் கருங்கல் கேட்டு வாங்க வேண்டும். சிற்பிகள் சுத்தியால் தட்டி, கணீரென்று சத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே கீறல் இருந்தால் சத்தம் மங்கிவிடும். பலகை இறங்கும் அன்று நீங்களும் தட்டிப் பாருங்கள்.

கல்லில் ஒரு வசதி உண்டு: ஒரே கல்லில் பல வித மேற்பரப்பை வைக்கலாம். பின்னணியை உளியால் பொளித்து மேடுபள்ளமாக விட்டு, யாளி உடலை வழவழப்பாகத் தேய்த்து, வீரனின் கேடயத்தை மட்டும் கண்ணாடிப் பாலிஷ் கொடுத்தார்கள். கை பின்னணியிலிருந்து உடலுக்கு ஏறும் இடம் ஒரு நொடியில் தெரிகிறது. ஆனால் முதலில் வந்த பின்னணி அளவுக்கு மீறிக் கரடு. கால் மணி நேரம் தடவினால் விரல் நுனி எரியும். அதற்குப் பிறகு கிரைண்டரில் ஒருமுறை லேசாக ஓட்டி முனைகளை மட்டும் மழுக்கியதும் சரியாயிற்று. எல்லா விளிம்பையும் 1 மி.மீ. அளவுக்கு உருட்டிவிடச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். சிற்பி இதை விரும்ப மாட்டார். கூர்மையான விளிம்புதான் நிழல் விழுந்து கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும். அவர் கற்ற தொழில் அது. இங்கே நிழலுக்கு வேலையில்லை என்பதை வாயால் சொல்வதைவிட, கண்ணைக் கட்டிக்கொண்டு அவரையே ஒருமுறை தடவச் சொன்னால் போதும். அதன் பிறகு அவர் செய்யும் வேலை வேறு வேலை.

விளிம்பை இவ்வளவு வலியுறுத்துவதற்கு வேலூரில் ஒரு தனிக் காரணம் உண்டு. கரிகிரியில் ஷெஃப்லின் தொழுநோய் மையம் 1955-லிருந்து இருக்கிறது. டாக்டர் பால் பிராண்ட் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில்தான் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பெயர் பெற்றார். நோயாளிகளின் விரல்கள் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டும் சுட்டும் தேய்கின்றன என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். தொழுநோய் கண்ணையும் தாக்கும். சர்க்கரை நோயும் அப்படித்தான், விழித்திரையையும் கெடுக்கும், நரம்பையும் மரக்கச் செய்யும். ஆக, இந்த ஊரில் தொடுபலகைக்கு வருகிற கைகளில் கொஞ்சம் மரத்த கைகளாகவே இருக்கும். அந்தக் கைக்கு 1 மி.மீ. கோடு இல்லாத கோடு. 10 மி.மீ. மேடு, உள்ளங்கையால் தடவினால் புரியும் பெரிய வளைவு, அதுதான் படம். கூர்மையான விளிம்பு கிழித்தாலும் அந்தக் கைக்குத் தெரியாது. வெயிலில் காய்ந்த பித்தளை சுட்டாலும் தெரியாது.

சிஎன்சி பலகை. வந்த நான்கில் கண்ணுக்கு மிகவும் பிடித்தது இதுதான். விரலுக்கு மிகவும் மோசம். காரணம் எளிது. கடையில் புகைப்படத்தை மென்பொருளில் போட்டு, வெளிச்சமான இடத்தை மேடாகவும் இருட்டான இடத்தைப் பள்ளமாகவும் மாற்றிவிடுகிறார்கள். யாளியின் பிதுங்கிய கண்ணில் வெயில் பட்டிருந்தது. அதனால் கண் முகத்திலேயே உயரமான இடமாகிவிட்டது, மூக்கைவிட மேலே. வயிற்றின் கீழே நிழல். அங்கே ஒரு குழி. வீரனின் முகத்தில் பாதி நிழல், ஆகவே பாதி முகம் இல்லை. தொட்டவர் ஒருவர், "இது என்ன, ஓட்டை விழுந்த பானையா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்.

படத்தை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் உயரத்தை எண்ணில் எழுதிக் கொடுத்தபோது அதே கடை, அதே இயந்திரம், அதே பலகையில் நல்ல வேலை கொடுத்தது. ஆகவே கடையில் குறையில்லை. இன்னும் இரண்டு கவனிப்பு: உருண்டை முனைக் கருவி ஓடும் தடங்களுக்கு இடையே இடைவெளி அதிகமானால் உழுத நிலம்போல வரிவரியாக நிற்கும். கண் அதைப் பொருட்படுத்தாது. விரல் அதையே படம் என்று நினைத்துக்கொள்ளும். கடைசிச் சுற்றில் தடங்களை நெருக்கி ஓட்டச் சொல்லுங்கள், பிறகு 220, 400 என்று உப்புத்தாள் போடச் சொல்லுங்கள். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் மெல்லிய பூச்சு ஒன்றே ஒன்று. மூன்று பூச்சு அடித்தால் நுணுக்கம் எல்லாம் அடைந்துபோகும்.

3டி அச்சில் செய்து தருகிறோம் என்பவர்களுக்கும் இதே வரைபட விதிதான். கூடவே, பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும். மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே, மூடி நிறுத்திய வேனுக்குள், அது தாங்காது; ஓரம் மேலே சுருண்டுகொள்ளும். வெளியில் வைக்க, வெயில் தாங்கும் ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் என்று கேளுங்கள்.

மண் பலகைக்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்துக்கே உரிய கைவேலை அது. 45-க்கு 60 செ.மீ. ஒரே துண்டாகச் சுட்டால் கோணும், அல்லது வெடிக்கும். 15 செ.மீ. சதுர ஓடுகளாகப் பன்னிரண்டு ஓடு செய்து சேர்ப்பது வழி. அப்படிச் செய்தால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள பொருத்து விரலுக்கு ஒரு கோடாகத் தெரியும். வந்த பலகையில் அந்தப் பொருத்து யாளியின் கண்ணுக்கு நடுவே போய் முகத்தை இரண்டாகப் பிளந்துவிட்டது. வரைபடத்தின் மேல் முதலிலேயே கட்டம் போட்டு, முகமும் வாயும் வீரனின் கையும் ஒரே ஓட்டுக்குள் விழும்படி படத்தைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் இது நடந்திருக்காது.

மேடான இடத்தில் மண் தடிமனாகவும் பள்ளத்தில் மெலிசாகவும் இருந்தால் காயும்போதே கீறல் விடும். பின்பக்கத்தைக் குடைந்து எல்லா இடத்திலும் ஏறக்குறைய 15 மி.மீ. தடிமன் வரும்படி செய்ய வேண்டும். நிழலில், ஈரச் சாக்கு போட்டு மூடி, மெதுவாகக் காயவிட வேண்டும். அவசரப்படுத்தினால் ஓரம் முதலில் காய்ந்து தூக்கிக்கொள்ளும். அடுத்தது சுருக்கம். ஈர மண் சுட்டு முடிவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். மண்ணுக்கு மண் மாறும். படம் சுருங்கினால் பரவாயில்லை. பிரெயில் சுருங்கினால் படிக்க முடியாது. 2.5 மி.மீ. இடைவெளி வேண்டுமென்றால் ஈர மண்ணில் 2.8 மி.மீ. வைக்க வேண்டும். அந்தக் கணக்கில் நம்பிக்கை வைப்பதைவிட, பிரெயிலை மண்ணில் போடாமல் தனித் தகட்டில் போட்டுத் திருகிவிடுவதே மேல்.

இத்தனை தொல்லை இருந்தாலும், தொட்டவர்களின் கை அதிக நேரம் தங்கியது மண்ணில்தான். சுட்ட மண் கல்லைப்போலச் சில்லிடாது, உலோகத்தைப்போலச் சுடாது. பிசைந்தவரின் பெருவிரல் தடம் யாளியின் தோள்பட்டையில் அப்படியே நின்றிருந்தது. அதைக் கண்டுபிடித்துத் தன் விரலை அதில் பொருத்திப் பார்த்தவர்கள் உண்டு. அதைத் தேய்த்து அழிக்கச் சொல்லாதீர்கள்.

தோல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று தோல் வேலைக்குப் பேர்போன ஊர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. தொடுகலைக்கு அந்தத் தொழிலை யாரும் அதிகம் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. பயன்படுத்த வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் எந்தத் தோலும் ஆகாது. ஷூவுக்குப் போகிற குரோம் பதனீட்டுத் தோல் மெத்தென்று இருக்கும். அச்சு அழுத்தினால் திரும்ப எழுந்துகொள்ளும். ஆவாரம்பட்டை, வேலம்பட்டை போன்ற மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் நனைத்து அழுத்தியதும் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: பட்டைத் தோல் உள்ளே பழுப்பு, குரோம் தோல் உள்ளே சாம்பல் கலந்த நீலம்.

3 முதல் 4 மி.மீ. தடிமனுள்ள எருமைத் தோல் எடுத்து, தண்ணீரில் நனைத்து, உறையில் போட்டு ஓர் இரவு வைத்தால் ஈரம் சீராகப் பரவும். மேடான ஆண் அச்சு, பள்ளமான பெண் அச்சு இரண்டுக்கும் நடுவே வைத்து இறுக்கி, முழுதாகக் காயும் வரை அப்படியே விட வேண்டும். அச்சை மரத்தில் வெட்டலாம். 6 முதல் 8 மி.மீ. வரை மேடு வரும். அதற்கு மேல் இழுத்தால் தோலின் மேல்பரப்பு வெடிக்கும். அதனால் கல்லின் 15 மி.மீ. கணக்கை இங்கே கொண்டுவர முடியாது. அடுக்கை இரண்டாகக் குறைத்து, மிச்சத்தைத் தோலின் வகையால் காட்ட வேண்டும். வந்த பலகையில் யாளி உடல் வழவழப்பான பட்டைத் தோல், பிடரி மயிர் தோலின் உட்பக்கம், அதாவது சொரசொரப்பான பக்கம், வீரனின் ஆடை ஆட்டுத் தோல். மூன்றும் மூன்று வித மென்மை. கண் தெரியாதவருக்கு நிறம் எப்படியோ அப்படி இது.

மேட்டுக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கக் கூடாது. கை அழுத்தினால் நாளடைவில் உள்ளே போய்விடும். தக்கைத் தூளும் பசையும் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். வந்த பலகையில் நிரப்பாமல் விட்டுவிட்டார்கள், வீரனின் தலை ஒரே வாரத்தில் பள்ளமாகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரிக்குள் பூட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டும். இன்னொன்றையும் முதலிலேயே யோசிக்க வேண்டும்: கோயிலுக்குள் தோல் பொருளைக் கொண்டுபோக முடியாது, சிலர் வீட்டிலும் தொடத் தயங்குவார்கள். பலகை எதனால் ஆனது என்பதைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பார்வையுள்ளவர் பார்த்தே தெரிந்துகொள்கிறார். அந்த உரிமை இவருக்கும் உண்டு.

பித்தளை, வெண்கலம் பற்றிச் சுருக்கமாக. ஜெர்மனியில் பல ஊர்களின் சதுக்கங்களில் எக்பர்ட் பிரோயர்கென் செய்த வெண்கல நகர மாதிரிகள் இருக்கின்றன. கை பட்டுப் பட்டு மின்னுகிற இடத்தைப் பார்த்தே எதை அதிகம் தொடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். அந்தக் குளிர் ஊருக்கு அது சரி. அக்கினி நட்சத்திர வெயிலில் உலோகத்தில் கை வைக்க முடியாது. 45 டிகிரியைத் தாண்டினாலே தோல் வலிக்கத் தொடங்கும். மண்டபத்துக்குள், நூலகத்துக்குள் என்றால் தாராளமாக வைக்கலாம்.

இனி எழுத்து. பலகை நன்றாக இருந்து எழுத்தில் கோட்டைவிடுகிறவர்கள்தான் அதிகம். பிரெயிலுக்கு அளவு ஒன்றுதான்: ஆறு புள்ளி அடங்கும் ஒரு கட்டத்துக்குள் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே ஏறக்குறைய 2.5 மி.மீ., கட்டத்துக்கும் கட்டத்துக்கும் 6 மி.மீ.க்குச் சற்று மேல், வரிக்கும் வரிக்கும் 10 மி.மீ., புள்ளியின் உயரம் 0.6 முதல் 0.9 மி.மீ., மேல்பக்கம் உருண்டையாக. பலகை பெரிது என்பதற்காகப் பிரெயிலையும் பெரிதாக்கிவிடுகிறார்கள். ஆறு புள்ளியும் ஒரே விரல் நுனிக்குள் அடங்கினால்தான் எழுத்து. ஒரு கடையில் பிரெயிலை மையால் அச்சடித்தே தந்தார்கள், தடவினால் வெறும் வழவழப்பு.

தமிழ் பிரெயிலில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 1951-ல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறைப்படி உயிர்க்குறி எப்போதும் மெய்க்குப் பின்னால் வரும். மெய்யெழுத்தின் தலையில் நாம் வைக்கும் புள்ளி, பிரெயிலில் மெய்க்கு முன்னால் தனிக் கட்டமாக வரும். கொம்புக்கும் புள்ளிக்கும் இது அச்சில் நாம் எழுதுவதற்கு நேர் எதிர். 'வேலூர்' என்று எழுத ஆறு கட்டம் (அடைப்பில் இருப்பது மேடாக எழும் புள்ளிகளின் எண்): வ (1, 2, 3, 6), ஏ (1, 5), ல (1, 2, 3), ஊ (1, 2, 5, 6), புள்ளி (4), ர (1, 2, 3, 5). விளம்பரப் பலகைக் கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அதில் கொம்பு முன்னால் அடிக்கப்படும். அந்தக் கோப்பை அப்படியே பிரெயிலாக மாற்றினால் ஏ முதலில் வந்து வ பின்னால் வரும், புள்ளியும் இடம் மாறும்; வேலூர் வேலூராக இருக்காது. யூனிகோடில் அடித்துத் தரச் சொல்லுங்கள், தகடு போகும் முன்பு பிரெயில் தெரிந்த ஒருவர் தாளில் படித்துப் பார்க்கட்டும். திருகும்போது தலைகீழாகத் திருகாமலிருக்கத் தகட்டின் வலது மேல் மூலையைச் சாய்த்து வெட்டிவிடுங்கள்.

நடுவயதில் பார்வை இழந்தவர்கள் பலருக்குப் பிரெயில் தெரியாது. அவர்களுக்காக மேடான தமிழ் எழுத்தும் வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சொல்லும் 16 மி.மீ. உயரம் தமிழுக்குப் போதாது. ன, ண இரண்டையும் தடவிப் பாருங்கள்: வித்தியாசம் ஒரே ஒரு சுழி. அந்தச் சுழிகளைப் பிரித்து எண்ண வேண்டுமென்றால் எழுத்து 25 முதல் 30 மி.மீ. உயரமாவது இருக்க வேண்டும். ஐ, இ, ஞ மூன்றும் இதைவிடக் கடினம். தலைப்பில் அந்த எழுத்துகள் குறைவாக வரும் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

வைக்கும் இடம். செங்குத்தாகச் சுவரில் பதித்தால் மணிக்கட்டு வலிக்கும். மேசைபோல 20 முதல் 30 டிகிரி சாய்த்து, முன் விளிம்பு 75 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், அடியில் 70 செ.மீ. காலி இருந்தால் சக்கர நாற்காலியும் உள்ளே வரும். வடக்குப் பார்த்த சுவர் என்றால் வெயில் படாது என்று எல்லோரும் சொல்வார்கள். வேலூருக்கு அது பாதி உண்மை. நாம் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. சரியாக அக்கினி நட்சத்திரத்தில் வடக்குச் சுவரில்தான் வெயில். கூரை போடுங்கள், அல்லது புங்கமரத்தடியில் வையுங்கள்.

கோட்டையிலேயே வைக்கலாமே என்று கேட்பார்கள். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடம். அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிதாக எதையும் கட்டத் தடை, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். துறையோடு சேர்ந்துதான் செய்ய முடியும். விண்ணப்பத்தில் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். கலையை மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டச் செய்வது அரசின் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015-ல் தொடங்கிய 'அனுபவ்' கூடத்தில் தொட்டுப் பார்க்க 22 பிரதிகள் வைத்ததையும் முன்னுதாரணமாகக் காட்டலாம். கோட்டையின் தரைப்படத்தைத் தொடுபலகையாகச் செய்ய விரும்பினால்: 133 ஏக்கர், 1500-க்கு 1 என்ற அளவில் சுமார் அரை மீட்டர்ச் சதுரத்தில் அடங்கும், இரண்டு கைக்கும் எட்டும். ஆனால் அதே அளவில் 10 மீட்டர் உயரமுள்ள எதுவும் 7 மி.மீ.தான். கோபுரத்தையும் மதிலையும் உயரத்தில் மட்டும் இரண்டு மூன்று மடங்கு தூக்கிக் காட்ட வேண்டும், அப்படிச் செய்திருப்பதைப் பலகையிலேயே எழுதவும் வேண்டும்.

பொது இடத்தில் கல்லில் யாளியோ சாமியோ வைத்தால் ஒரே மாதத்தில் குங்குமம் வரும், விளக்கெண்ணெய் வரும், கற்பூரக் கரி வரும். இது நம் மக்களின் பக்தி. யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எண்ணெயும் குங்குமமும் சேர்ந்து குழைந்து யாளியின் வாயையும் பிரெயில் புள்ளியையும் அடைத்துவிடும். பேருந்து நிலையம், பூங்கா போன்ற இடங்களுக்கு முதல் பலகையாகச் சிக்குக் கோலத்தைச் சொல்வோம். புள்ளி 3 மி.மீ. மேடு, கோடு 6 மி.மீ. அகலப் பள்ளம். பள்ளத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போகும், எடுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும்.  வாசலில் கோலம் போட்ட கைகள் அதைத் தொட்டதும் அடையாளம் கண்டுகொள்கின்றன.

சுத்தம் செய்ய மெல்லிய பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும், வாரம் ஒருமுறை. தரை கழுவும் ஆசிட் வேண்டாம், கல்லின் பாலிஷும் தகட்டின் பளபளப்பும் போய்விடும்.

ஆர்டர் கொடுக்கும் முறை. முதலில் படத்தை அட்டையில் சணல் கயிறும் ஃபெவிகாலும் வைத்து ஒட்டி, அல்லது சூடு பட்டதும் கறுப்புக் கோடு மட்டும் உப்பி எழும் ஸ்வெல் பேப்பரில் எடுத்து, பார்வையற்றவர்களிடம் கொடுங்கள். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லாதீர்கள். அவர்கள் தயங்குகிற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு படத்தைத் திருத்துங்கள். பிறகு முகத்தை மட்டும் 15 செ.மீ. துண்டாக உண்மைப் பொருளில் செய்து வாங்குங்கள். பட்டறைக்குப் பாதிப் பணத்தை இந்தத் துண்டு சரியாக வந்த பிறகே கொடுப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். நல்ல பட்டறைக்காரர் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை. சோதித்துத் தருகிறவர்களுக்கும் கூலி உண்டு, அதை மொத்தச் செலவில் தனி வரியாக எழுதுங்கள். சிற்பிக்குக் கூலி கொடுத்துவிட்டு, அவரைத் திருத்தியவருக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுப்பது முறையல்ல.

வேலை முடிந்ததும் அடுக்கு உயரம் எழுதிய வரைபடத்தையும் பிரெயில் தகட்டின் கோப்பையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரித் தகடு இரண்டு அடித்துத் தரச் சொல்லுங்கள். பலகையில் முதலில் காணாமல்போவது அந்தத் தகடுதான்.